ஸாராவைத் தைத்த கைகள்

ஸ்பெயினின் துணிக்கடைக் கதை என்றாலே ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். ரயில்வே தொழிலாளியின் மகன் அமான்சியோ ஒர்தேகா, சின்ன வயசிலேயே படிப்பை விட்டுவிட்டுச் சட்டைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்று உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவர். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்: ஏன் கலிசியா?

ஸ்பெயினில் பஞ்சாலைகளுக்குப் பேர்போனது கத்தலோனியா. 1984-ல் மாங்கோ தொடங்கியதும் அங்கே, பார்சிலோனாவில்தான். ஸாராவோ நேர் எதிர் மூலையில், வடமேற்கே அட்லாண்டிக் கரையில் இருக்கிற அ கொருன்யா நகரில் பிறந்தது. மழையும் மீன்பிடியும் துண்டு துண்டான நிலங்களும்தான் கலிசியா. பிழைக்க வழியில்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிய ஊர். அர்ஜென்டினாவில் ஸ்பெயின்காரர் யாராக இருந்தாலும் 'கயேகோ', அதாவது கலிசியாக்காரர், என்றே கூப்பிடும் வழக்கம் வந்துவிட்டது. அவ்வளவு பேர் போயிருக்கிறார்கள்!

ஆண்கள் கடலுக்கும் அயல்நாட்டுக்கும் போனார்கள். பெண்கள் ஊரில் இருந்தார்கள், அவர்களில் நிறையப் பேருக்குத் தையல் தெரியும். என் சந்தேகத்துக்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1963-ல் ஒர்தேகா குடும்பத்தார் 'கோவா' என்ற சின்னத் தையல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நம்ம கோவாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமான்சியோ ஒர்தேகா கவோனா என்ற பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டது. தைத்தது பஞ்சு வைத்த ஹவுஸ்கோட். அந்த வேலையில் கூடவே இருந்தவர் ரொசாலியா மேரா. 11 வயதில் பள்ளியை விட்டுத் தையல் வேலைக்கு வந்தவர். பிறகு ஒர்தேகாவின் மனைவி. 1975-ல் முதல் ஸாரா கடை திறந்தது. 'சோர்பா' என்று வைக்க நினைத்தார்களாம். பக்கத்தில் ஒரு மதுக்கடைக்கு அதே பெயர் இருந்ததால், செய்து வைத்த எழுத்துகளை மாற்றி அடுக்கி 'ஸாரா' ஆக்கினார்கள் என்பது பலரும் சொல்லும் கதை. 1985-ல் எல்லாம் இண்டிடெக்ஸ் என்ற ஒரே குடைக்குள் வந்தன.

ஸாராவின் பலம் வேகம். மற்ற கம்பெனிகள் ஆறு மாதம் முன்பே தைக்கச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். ஸாராவில் வரைந்த உடுப்பு சில வாரத்தில் கடைக்கு வந்துவிடும். கடைக்காரர் எது விற்கிறது என்று சொல்லுவார். துணியைத் தலைமையகம் இருக்கும் அர்தெய்ஷோவில் இயந்திரம் வெட்டும். வெட்டிய துண்டுகள் கட்டுக்கட்டாக ஊர் ஊராகப் போகும். கலிசியாவிலும் வட போர்ச்சுகலிலும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள், பெண்கள் கூட்டுறவுகள். தைத்தது திரும்பி வந்ததும் இஸ்திரி போட்டு, சீட்டு கட்டி, லாரியில் ஏற்றுவார்கள்.

வணிகப் பள்ளிப் பாடங்களில் கணினியும் கிடங்கும் பெரிதாகப் பேசப்படும். அதெல்லாம் தேவைதான். ஆனால் பக்கத்து ஊரில் ஊசியோடு தயாராக ஒருத்தி இல்லையென்றால், கணினி சொன்னதை யார் தைப்பது?

கூட்டுறவு என்பதில் ஒரு வசதியும் இருந்தது, கம்பெனிக்கு. அந்தப் பெண்கள் இண்டிடெக்ஸின் ஊழியர்கள் அல்ல. ஆர்டர் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் கிடையாது. மொராக்கோவில் கூலி குறைவு என்று தையல் வேலை மெல்ல அங்கே நகர்ந்தபோது, கலிசியாவின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2001-ல் பங்குச் சந்தைக்குப் போன கம்பெனி வளர்ந்துகொண்டே இருந்தது.

ரொசாலியா மேரா 2013-ல் காலமானபோது, ஸ்பெயினின் மிகப் பெரிய பணக்காரப் பெண்மணி என்று செய்திகள் எழுதின. தையல்காரியாக ஆரம்பித்தவர் அவ்வளவு உயரம் போனது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் அதே ஊசியைப் பிடித்த ஆயிரக்கணக்கான கலிசியப் பெண்களுக்குக் கிடைத்தது துண்டுக் கூலி மட்டுமே. ஸாரா கதையை இனி யாராவது சொன்னால், அந்தப் பெண்களையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.