குமாஸ்தா நாற்காலி

குமாஸ்தா என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்? கட்டுக்கட்டாகக் கேஸ் கட்டு சுமந்து, வாய்தா தேதி குறித்துக்கொண்டு, ‘ஸ்டாம்ப் செலவுக்குக் கொடுங்க’ என்று கை நீட்டுபவர்தானே? அமெரிக்கக் கோர்ட்டில் நீதிபதியின் குமாஸ்தா வேறு ரகம். சட்டப் படிப்பில் முன்வரிசையில் தேறிய பையனைப் பிடித்து, நீதிபதி தன் பக்கத்திலேயே ஓரிரு வருஷம் உட்கார வைத்துக்கொள்வார். அதன் பிறகு அவன் வெளியே வந்தால், வக்கீல் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போகும்!

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஹோரஸ் கிரே. மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி. அவரிடம் 1879-ல் வந்து சேர்ந்த 22 வயது இளைஞர்தான் லூயி பிராண்டைஸ். ஹார்வர்டில் படிக்கும்போதே கண் தகராறு. சளைக்கவில்லை மனுஷன். நண்பர்களைப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்டே பாடத்தை மனதில் ஏற்றி, வகுப்பில் முதலாவதாகத் தேறினார்.

அந்த நாற்காலியில் என்ன வேலை? நீதிபதியும் பையனும் சேர்ந்து கேஸ் கட்டைப் படிப்பார்கள். விவாதிப்பார்கள். பையன் மறுத்துப் பேசலாம். கிரேக்கு அது பிடிக்கும்! பிறகு அவர் தீர்ப்பைச் சொல்லச் சொல்ல, பையன் எழுதுவான். ஒரு நீதிபதி எந்த இடத்தில் தயங்குகிறார், எதைக் கேட்டால் அசைந்து கொடுக்கிறார்... எந்தக் கல்லூரியில் இதைச் சொல்லித் தருவார்கள், சொல்லுங்கள்?

அதே 1879-லேயே சாமுவேல் வாரன் என்ற நண்பருடன் சேர்ந்து பாஸ்டனில் சொந்தமாக ஆபீஸ் போட்டுவிட்டார் பிராண்டைஸ். பணம் கொட்டியது. 1890-ல் இருவரும் சேர்ந்து, தனி மனிதனின் அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 2017-ல் நம்ம ஊர் சுப்ரீம் கோர்ட், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னபோதும் அந்தக் கட்டுரை பேசப்பட்டது!

பொதுக் காரியத்துக்கான கேஸ்களுக்கு அவர் ஃபீஸ் வாங்குவதில்லை. அதோடு விட்டாரா? அதற்குச் செலவான நேரத்தால் பார்ட்னர்களுக்கு நஷ்டம் வரக் கூடாதென்று, தன் கைக்காசை ஆபீஸில் கட்டினார். பி.காம். படித்த எனக்கு இந்தப் பற்று-வரவு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்படி நடத்தியதுதான் 1908-ல் வந்த முல்லர் வழக்கு. பெண்களை ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது ஓரிகன் மாநிலச் சட்டம். அதை மீறியதற்காக ஒரு சலவைக்கடை முதலாளிக்கு 10 டாலர் அபராதம். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ரொட்டிக்கடைத் தொழிலாளிகளுக்கான இதே மாதிரி சட்டத்தை 1905-ல் அடித்துப்போட்ட அதே கோர்ட்! பிராண்டைஸ் நூறு பக்கத்துக்கு மேல் மனு கொடுத்தார். அதில் சட்ட வாதம் இரண்டே பக்கம். மற்றதெல்லாம் டாக்டர்கள், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் சொன்ன விவரங்கள். அவருடைய மைத்துனி ஜோசஃபின் கோல்ட்மார்க் அலைந்து திரட்டியவை. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ‘பெண் பலவீனமானவள்’ என்ற வாதத்தில் ஜெயித்தது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால், அன்றைக்கு அந்தச் சலவைக்காரிகள் நேரத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

1916-ல் இவரை சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக்க ஜனாதிபதி வில்சன் பெயர் சொன்னதும் ஒரே கூச்சல். முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட்டே எதிர்த்தார். பெரிய கம்பெனிகளைப் பகைத்துக்கொண்டவர், போதாததற்கு யூதர். நாலு மாதம் இழுத்தடித்து, 47-க்கு 22 என்று ஒப்புக்கொண்டார்கள்.

நீதிபதியானவர் என்ன செய்தார் தெரியுமா? தன் பக்கத்திலும் ஒரு குமாஸ்தா நாற்காலி போட்டார். 1919-ல் அதில் வந்து உட்கார்ந்தவர் டீன் அச்செசன். இரண்டு வருஷம் கழித்து எழுந்து, வாஷிங்டனில் வக்கீல் தொழிலுக்குப் போனார். 1949-ல் அமெரிக்காவின் வெளியுறவு மந்திரியானவர் அவர்தான்.