அசைவுத் தடமறி கருவி

அசைவுத் தடமறி கருவி என்பது ஒரு பொருளின் சாய்வு, சுழற்சி, முடுக்கம் ஆகியவற்றை உணரிகளால் அளந்து, நுண்கட்டுப்படுத்தி வழியே தொடர்ந்து பதியும் மின்னணு அமைப்பு. கேமரா, அகச்சிவப்பு உணரி போல வெளியிலிருந்து கண்காணிப்பவை, பொருளோடு பிணைக்கப்படுபவை என இருவகைப்படும். பின்னது ஆர்வலர்க்கு எளியது.

2005இல் இத்தாலியில் தோன்றிய அர்டுயினோ நுண்கட்டுப்படுத்திப் பலகையும் எம்.பி.யூ.-6050 உணரிச் சில்லும் இப்பிணைப்பு வகையின் வழக்கமான உறுப்புகள். சில்லில் முடுக்கமானியும் சுழற்சிமானியும் மும்மூன்று அச்சுகளில் அளக்கின்றன. மின்னூட்டம் தவிர, தரவுக்கும் கடிகாரத்துடிப்புக்குமாக இரு கம்பிகளே போதும். அர்டுயினோ ஊனோ பலகையில் அவை ஏ4, ஏ5 முனைகளில் சேரும்.

முடுக்கமானி புவியீர்ப்பைக் கொண்டு சாய்வைக் காட்டும், அதிர்வில் தடுமாறும். சுழற்சிமானி அதிர்வைத் தாங்கினாலும், அதன் சிறுபிழை நேரத்தோடு திரண்டு கோணத்தை விலக்கிவிடும். இவ்விரண்டையும் பெரும்பாலும் 2க்கு 98 என்ற விகிதத்தில் கலக்கும் நிரப்பு வடிகட்டியே கருவியின் உயிர்நாடி. முடுக்கத்தை இருமுறை தொகையிட்டு இடப்பெயர்ச்சி காண்பது, மலிவான உணரிகளில் சில விநாடிகளுக்கு மேல் நம்பத்தக்கதன்று. திசையறியக் காந்தமானி வேண்டும். எடுத்துக்காட்டாக, மலேசியாவில் செபராங் ஜெயா நகர் அடங்கிய பினாங்கு மாநிலம், காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. அங்குப் புவிக்காந்தப்புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாக அமைவது இவ்வளவீட்டுக்குச் சாதகம்.

காந்தப்புலம் மட்டுமன்றி, மின்னணுத் தொழிலும் பினாங்கில் இத்தகைய கருவிகளுக்குத் துணை; அத்தொழில் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரத்தில் வேரூன்றியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் அங்கு நிறுவியது. பெருநிலப் பகுதியில், செபராங் ஜெயாவை அடுத்த பிறை தொழிற்பேட்டையிலும் அத்தொழில் பரவியுள்ளது.