கருமணலும் அயல்நாட்டுக் கொள்கையும்

அயல்நாட்டுக் கொள்கை என்றதும் தில்லியையும் வாஷிங்டனையும் நினைப்பது நம் வழக்கம். ஆனால், அத்தகைய பெருஞ்சர்ச்சை ஒன்று குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைச் சுற்றியே எழுந்தது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ‘மோனசைட்’ என்னும் கனிமத்தைக் கண்டார் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். மணவாளக்குறிச்சியிலேயே ஆலையும் அமைத்தார். அக்கனிமத்திலுள்ள தோரியம் அன்று விளக்கு மேண்டிலுக்கு இன்றியமையாததாக இருந்தது. நிக்காஹ் ஊர்வலங்களில் ஒளி தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அதனால் ஆனதே. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபின் இத்தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று.

1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தது. தோரியத்திலிருந்தும் அணு எரிபொருள் ஆக்கலாம் என்பதால், விளக்குக்கு உதவிய மணல் வல்லரசுகளின் கண்ணில் பட்டது. திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர், மூன்றாண்டுகளில் 9,000 டன் மோனசைட் வழங்க 1947 தொடக்கத்தில் பிரிட்டனுடன் உடன்பாடு கண்டார். அவ்வாண்டு ஜூன் 11இல், திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தார். பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியாகக் கான் பகதூர் அப்துல் கரீம் சாகிபை நியமித்தார். ஜின்னாவும் அதனை வரவேற்றார். ஆனால் குடிமக்களைக் கலந்தவர் யார்? ஸ்டேட் காங்கிரஸ் கடுமையாக எதிர்த்தது. ஜூலை 25இல் திவான் வெட்டுப்பட்டார். சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைய இசைந்தது.

நான்காண்டுகள் கழித்து அதே மணலுக்கு மற்றொரு சோதனை வந்தது. 1951இல் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் இருபது இலட்சம் டன் தானியம் கேட்டோம். மோனசைட்டை ஈடாகத் தரவேண்டும் என்று அந்நாட்டுக் காங்கிரசில் சிலர் வற்புறுத்தினர். அணுகுண்டு ஆக்க உதவும் பொருள்களை அயல்நாடுகளுக்கு அளிப்பதில்லை என்பது நம் கொள்கை என நாடாளுமன்றத்தில் பிரதமர் நேரு அறிவித்தார். இறுதியில் 19 கோடி டாலர் கடனாகத் தானியம் வந்தது.

பசித்தவன் நிபந்தனை பேசலாமா என்று அன்று கேட்டோர் உண்டு. அக்கேள்வியை நாம் எள்ளி நகையாடோம். அக்கொள்கை சிறிதும் வழுவாது நின்றது என்றும் சொல்லோம். 1953இல் சீனாவுக்குத் தோரியம் நைட்ரேட் கப்பலேறியது. பின்னர் அமெரிக்காவும் அதனை வாங்கிற்று. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. 1947இல் திவானின் அறைக்குள் முடிவானது, 1951இல் மக்களின் பிரதிநிதிகள் முன்னிலையில் விவாதிக்கப்பட்டது.

1950இல் தோன்றிய இந்திய அருமண் நிறுவனத்தின் பொறுப்பில் 1965 முதல் மணவாளக்குறிச்சி ஆலை இருந்து வருகிறது. மண்ணின் செல்வம் வருங்காலத் தலைமுறையினருக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதப் பொருளை உரியவரைக் கேளாமல் விலை பேசுவது, பேசுபவர் எத்துணை அறிவாளராயினும், முறையன்று.