தாளிலேயே விழுந்த கட்டடங்கள்

என் தாத்தா காலத்தில் நரிக்குடிப் பக்கம் வீடு கட்டுவது ஆள் உயரத்து வேலை. மண்ணைக் குழைத்துச் சுவர் வைப்பார்கள், பனங்கை ஏற்றுவார்கள், ஓலை மேய்வார்கள். கையில் காசு இருந்தால் ஓடு. வேலை செய்கிறவன் தவறி விழுந்தாலும் முட்டி சிராய்ப்பதோடு போகும். உயரமான கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் திருச்சுழி கோயிலுக்குப் போக வேண்டும். ஊருக்குள் பெரிய கட்டடம், மருதுபாண்டியர் கட்டியது என்று சொல்லும் சத்திரம்தான்.

காங்கிரீட் தளம் வந்தபிறகுதான் எங்கள் ஊர்க்காரன் உயரத்தில் ஏறினான். சென்ட்ரிங் பலகை, சவுக்கு முட்டு, கயிற்றால் கட்டிய சாரம் எல்லாம் கூடவே வந்தன. மேஸ்திரி தரையில் சுண்ணாம்புப் பொடியால் இழுத்த கோடுதான் வரைபடம். மிச்சமெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். தளம் போட்டால் 21 நாள் முட்டுகளைத் தொடக்கூடாது என்பார்கள். அது எங்கிருந்து வந்த கணக்கு என்று யாரும் கேட்டதில்லை. பிற்பாடு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரவிதியைப் பார்த்தேன். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாள் என்று இருந்தது. மேஸ்திரிகள் எல்லாவற்றுக்கும் பெரிய கணக்கையே வைத்துக்கொண்டார்கள். நல்ல வழக்கம்தான். வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டால் மட்டும் அந்தக் கணக்கு சுருங்கும்.

மழை பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, இல்லாவிட்டால் வேலைத்திறன் டெஸ்ட் அடித்து சிங்கப்பூர் போவது. எங்கள் வயதுப் பையன்களுக்கு இந்த இரண்டு வழிதான். நான் இரண்டாவது வழியில் போனேன். முதலில் ஃபார்ம்வொர்க், பிறகு சாரம், கடைசியில் சேஃப்டி சூப்பர்வைசர். காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நின்றுகொண்டு ஹெல்மெட் போடு, பெல்ட்டை மாட்டு, கொக்கியைப் போடு என்று தமிழிலும் உடைந்த வங்காளத்திலும் கத்துவதுதான் உத்தியோகம். கத்திக் கத்தி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: ஆளை அடித்துப் போடுகிற பெரிய தப்பெல்லாம் பெல்ட் மாட்டாதவன் செய்ததுதானா?

சிங்கப்பூரின் பழைய கதைகளே பதில் சொல்லும். தேக்காவிலிருந்து செராங்கூன் சாலையில் நடந்தால் ஓவன் சாலை முனை வரும். அங்கே லியான் யாக் என்ற ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. அதில் நியூ வேர்ல்ட் ஓட்டல். 1986 மார்ச் 15 காலையில் ஒரு நிமிடத்துக்குள் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. 33 பேர் செத்தார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். அப்போது எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்ட வந்திருந்த வெளிநாட்டு நிபுணர்கள்தான் இடிபாட்டுக்குள் குடைந்து போய் உதவினார்கள். விசாரணையில் தெரிந்த காரணம் நம்ப முடியாதது. கணக்குப் போட்டவர் கட்டடத்துக்குள் வரப்போகும் ஆள், சாமான் எடையைச் சேர்த்திருக்கிறார், கட்டடத்தின் சொந்த எடையை விட்டுவிட்டார். அதைக் கட்டிய கூலியாள் எவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்திருந்தால்தான் என்ன? 1989-இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் போட்ட கணக்கை இன்னொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்றது.

அப்படியும் 2004 ஏப்ரல் 20 வந்தது. நிக்கல் நெடுஞ்சாலை ஓரம் வட்டப்பாதை ரயிலுக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பக்கவாட்டு மண்ணைத் தாங்கிய எஃகு முட்டுகள் மடங்கி, நெடுஞ்சாலையே பள்ளத்துக்குள் சரிந்தது. நான்கு பேர் போனார்கள். தன் ஆட்களை மேலே ஏற்றிவிட்ட ஒரு ஃபோர்மேனின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. அன்று காலையிலேயே எஃகு முனகும் சத்தம் கேட்டது என்று வேலையாட்கள் சொல்லியிருக்கிறார்கள். முட்டும் குறுக்குச் சட்டமும் சேருகிற இணைப்பை வரைந்தபோதே, இருக்க வேண்டிய வலுவில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்திருந்தார்கள். 2006-இல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2016-இல் இன்னொரு விதி அமலுக்கு வந்தது: ஒரு கோடி வெள்ளியும் அதற்கு மேலும் போகிற ஒப்பந்தங்களில், கட்டும்போது வரக்கூடிய ஆபத்தை வரைகிற மேசையிலேயே உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று.

அந்த மேசைக்குத்தான் பிம் என்கிற கட்டடத் தகவல் மாதிரி வந்து சேர்ந்தது. சைட்டில் நாங்கள் ‘மாடல்’ என்போம். அதன் வேர் பழையது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஈஸ்ட்மன் 1975-இலேயே, கட்டடத்தைத் தனித்தனிப் படங்களாக வரையாமல் கணினிக்குள் ஒரே பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். கோடாகத் தெரிகிற சுவர் அங்கே கனம், எடை, எந்தத் தேதியில் எழும்பும் என்பது வரை தெரிந்த சுவராக இருக்கும். 2013-இல் அதே ஈஸ்ட்மனும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் ஜார்ஜியா டெக்கிலிருந்து ஒரு முறையை வெளியிட்டார்கள். தளத்தின் விளிம்பு எது, ஓட்டை எது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அது திறந்து கிடக்கும் என்று மென்பொருளே தேடிக் கண்டுபிடித்து, கைப்பிடித் தடுப்பையும் மூடியையும் வைத்துக் காட்டும். சிங்கப்பூர் அரசு 2013 முதல் படிப்படியாக மாடலைக் கட்டாயமாக்கி, 2015-இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட எல்லாப் புதுக் கட்டடத்துக்கும் கேட்டது.

எங்கள் சைட்டிலும் ஒருநாள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி பெரிய திரையில் மாடலைச் சுற்றிக்காட்டினாள். லிஃப்ட் குழி, குழாய்க்கு விட்ட ஓட்டை, படிக்கட்டு வாய் எல்லாம் சிவப்பாக மின்னின. ஒவ்வொன்றைச் சுற்றியும் மஞ்சள் தடுப்பு. நானாக நடந்து தேடினால் பாதியை விட்டிருப்பேன், அது உண்மை. பிறகு அவள், “அண்ணே, வேற ஏதாவது விட்டுப்போச்சா?” என்று கேட்டாள்.

“ஏழாவது மாடி ஓரத்துல தடுப்பு வச்சிருக்கீங்க. கிரேன் பலகைக் கட்டை எங்கம்மா இறக்கும்?”

அவள் திரையைப் பார்த்தாள். இறக்க இடமே இல்லை. பலகை உள்ளே வர வேண்டுமென்றால் பையன்கள் அந்தத் தடுப்பைக் கழற்றுவார்கள், கழற்றின இடத்தில் நின்றுதான் கட்டை இழுப்பார்கள், சாயங்காலம் மாட்ட மறப்பார்கள். பெல்ட்டின் கொக்கியை மாட்டவும் அங்கே ஒன்றும் கிடையாது. அவள் முகம் மாறிவிட்டது. அடுத்த வாரம் மாடலில் வெளியே நீளும் இறக்குமேடை ஒன்று முளைத்திருந்தது. தூணில் கொக்கிக்கு வளையமும் போட்டிருந்தாள், காங்கிரீட் ஊற்றும்போதே பதித்துவிடுவதற்கு. ஊற்றியபிறகு என்றால் அதற்கு டிரில் பிடித்துக்கொண்டு ஒருத்தன் விளிம்பில் தொங்க வேண்டியிருந்திருக்கும்.

மாடல் வந்ததால்தான் சாவு குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 2004-இல் சிங்கப்பூரில் லட்சம் தொழிலாளருக்கு 4.9 பேர் வேலையில் இறந்தார்கள், 2023-இல் அது 0.99. சட்டமும் அபராதமும் வேலையை நிறுத்தி வைக்கிற உத்தரவும் அதில் பெரும் பங்கு. சைட்டில் ஒன்று மாறி மாடலில் அது ஏறாவிட்டால், திரையில் தெரிவது வெறும் அழகான பொய். அப்படி எத்தனையோ பார்த்தாயிற்று.

நம் பக்கக் கதை 2014 ஜூன் 28. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்து மாலையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள், ஆந்திரா, ஒடிசா, நம் தென்மாவட்டத்து ஆட்கள். இடி விழுந்தது என்று முதலில் பேசினார்கள். தூண்கள் அந்த எடையைத் தாங்கும்படி அமையவில்லை என்பதுதான் பிறகு தெரிந்தது. விழாமல் நின்ற பக்கத்துக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். செராங்கூன் சாலையில் 28 வருடம் முன்பு நடந்ததை அப்படியே திருப்பிப் பார்த்தோம்.

சட்டம் கேட்டுப் போராடியதில் தமிழ்நாடு முந்தி. கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் தெருவில் நின்றுதான் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994-இல் நலவாரியம் எல்லாம் வந்தன. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் நாடெங்கும் நடந்த இயக்கத்தின் பலன் 1996-இன் மத்தியச் சட்டம். ஆனால் பத்து ஆளுக்குக் குறைந்த வேலையும், பத்து லட்சத்துக்குள் முடிகிற சொந்த வீடும் அதில் சேரவில்லை. நரிக்குடியில் அன்று எழும்பிய வீடெல்லாம் ஏறக்குறைய அந்தக் கணக்குக்குள்தான்.

இப்போது எங்கள் ஊரிலும் ‘3டி’ வந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் எலிவேஷன் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பெயின்ட் நிறம், பால்கனிக் கண்ணாடி, வாசலில் நிற்கிற கார் எல்லாம் இருக்கிறது. வீதியில் போகிற ஈபி லைன் மட்டும் அந்தப் படத்தில் இருக்காது. மாடி பால்கனி அதை நோக்கித்தான் நீளும், அந்தப் பக்கமாகத்தான் நீளக் கம்பியை நிமிர்த்தி மேலே கொடுப்பார்கள். படம் காட்டிக் கருத்துக் கேட்கிறவர்களிடம் லைனையும் சேர்த்துப் போட்டு வாங்கி வரச் சொல்கிறேன். அதற்குத் தனியாகக் காசு கேட்பார்களா என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி.