கணினியை நெய்த கைகள்

1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்த வரலாற்றை நம் மாணவர்கள் நன்கறிவர். சென்றவர் பெயரும் சென்ற கலத்தின் பெயரும் வினாத்தாள்களில் இடம்பெறுவன. ஆயின், அக்கலத்திற்கு வழிகாட்டிய கணினியின் நினைவகத்தை நெய்தவர்கள் பெண்கள் என்னும் செய்தி எந்த வினாத்தாளிலும் இடம்பெற்றதாக நான் காணவில்லை. நெய்தார்கள் என்பது ஈண்டு உவமையன்று.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வுக்கூடம் அக்கணினியை வடிவமைத்தது. ரேத்தியான் நிறுவனம் வால்தம் நகரில் அதனை உருவாக்கியது. நிலையான நினைவகம் 36,864 சொற்களைக் கொண்டது. சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடே செப்புக் கம்பி நுழைந்து சென்றால் ஒன்று. வளையத்திற்கு வெளியே சென்றால் சுழியம். பெண்கள் எதிரெதிரே அமர்ந்து, கம்பி கோத்த ஊசியை ஒருவர்க்கொருவர் மாற்றி மாற்றிச் செலுத்தினர். எந்த வளையத்தில் அடுத்து நுழைப்பது என்பதைத் துளையிட்ட நாடாவின் ஆணைப்படி இயந்திரம் காட்டிற்று. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கியதை இங்கு நினைவுகூரலாம். தறியிடமிருந்து கணினி கற்ற பாடம் மீண்டும் நெசவுக்கே வந்து சேர்ந்தது!

நெய்து முடித்த நினைவகத்தைத் திருத்துதல் அரிது. ஆகவே, பயணத்திற்குப் பல திங்கள் முன்னரே கட்டளைகளை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. வால்தம் நெசவாலைக்கும் கடிகாரத் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். அத்தொழில்களில் பழகிய விரல்களே இப்பணிக்கும் வந்தன. பொறியாளர்களோ இதற்குப் ‘பாட்டிமார் முறை’ என்று பொருள்படும் வேடிக்கைப் பெயரொன்றைச் சூட்டினர். அதில் அன்பும் இருந்திருக்கலாம். எனினும், வரைபடம் வரைந்தவர் படைப்பாளர், நெய்தவர் பாட்டிமார் என்னும் பாகுபாடும் அப்பெயரில் இருக்கத்தான் செய்தது.

இப்பாகுபாடு அந்நூற்றாண்டோடு மறையவில்லை. 2005இல் அமெரிக்காவில் ‘மேக்’ என்னும் இதழ் தோன்றித் தம் கையாலேயே கருவிகளைச் செய்வோரை ஓர் இயக்கமாக ஒன்றுகூட்டியது. 2013இல் லியா பீக்லி என்னும் ஆய்வாளர் அதன் அட்டைப்படங்களை எண்ணிப் பார்த்தார். அவற்றில் தோன்றியவருள் 85 விழுக்காட்டினர் ஆண்களும் சிறுவர்களுமே. வெள்ளையரல்லாதார் ஒருவரும் இலர். அவரே 2007இல் ‘லில்லிபேட்’ என்னும் மின்பலகையை வெளிக்கொணர்ந்தவர். ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையை, மின்கடத்தும் நூலால் துணியில் தைக்கத்தக்கதாக மாற்றியதே அவர் செய்த புதுமை. அவரும் பெஞ்சமின் மாக்கோ ஹில் என்பாரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்டுயினோவைக் கொண்டு செய்த படைப்புகளுள் பெண்களுடையவை 2 விழுக்காடு என்றும், லில்லிபேட் படைப்புகளுள் 65 விழுக்காடு என்றும் கண்டனர். உள்ளிருந்த சில்லு ஏறத்தாழ ஒன்றே. மின்னியலின்பால் பெண்களை அழைப்பதை விடுத்து, அவர்கள் அமர்ந்திருந்த இடத்திற்கு மின்னியலைக் கொண்டு சென்றமையே வேறுபாடு.

ஆயினும், இவ்வெண்களைக் கொண்டு ஊசி பெண்களுக்கே உரியது என்று முடிவுகட்டுதல் தவறு. எம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு நூல், மின்கலம், சிறு விளக்கு ஆகியவற்றை வழங்கியபோது, பையன்களே முந்திக்கொண்டனர். அவர்தம் விளக்குகள் எரியவில்லை. நூலின் பிசிறு பக்கத்துத் தையலைத் தொட்டதால் குறுக்குச்சுற்று ஏற்பட்டிருந்தது. அழகாகத் தைத்தல் வேறு, மின்னியல் வேறு அன்று என்பதை அன்று விளக்கின்றியே கற்றனர்.

இவற்றையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு நாணம் உண்டு. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தோன்றியது. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் மூவினத்து இளம்பெண்களும் அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். உருப்பெருக்கியின்கீழ், தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் பொருத்தினர். என் தமக்கையார் அவர்களுள் ஒருவர். அவர் சம்பளத்தில்தான் நான் படித்தேன். வீட்டில் அதனைப் ‘பேக்டரி வேலை’ என்போம். அக்காள் கணினி செய்கிறார் என்று ஒருநாளும் நாங்கள் சொன்னதில்லை. எனக்கும் அப்படித் தோன்றியதில்லை. பின்னாளில் பள்ளிக்கு முதல் கணினி வந்தபோது, அதன் உறுப்புகளை விளக்கி மாணவர்க்கு ஒரு மணி நேரம் உரையாற்றினேன். அவரைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

சென்ற ஆண்டு அவர் எம் பள்ளிக்கு வந்திருந்தார். எரியாத துணிவிளக்கு ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் பார்த்தார். “இந்த முடிச்சுக்குப் பக்கத்தில் பிசிறு நிற்கிறது, தம்பி, இதை நறுக்கு” என்றார். நறுக்கினேன். எரிந்தது.