மரபணு இருந்தால் மட்டும் போதுமா?

செடிகளுக்கும் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் உண்டுன்னு போன எபிசோடில் பார்த்தோம். அந்த மரபணுக்களை யார் கட்டுப்படுத்துறாங்க? இன்னிக்கு அந்தக் கேள்வியோட வரலாறு.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹெரால்ட் ஃப்ளோர் என்பவர் ஆளிச் செடியையும் அதைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சையையும் ஆராய்ந்தார். செடியில் இருக்கும் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் பூஞ்சையில் ஒரு ஜோடி மரபணு உண்டு என்று 1940-களில் கண்டார். பூட்டும் சாவியும் மாதிரி. அப்புறம் பல காலத்துக்கு, 'எதிர்ப்பு மரபணு இருக்கா, இல்லையா?' என்பதே கேள்வியாக இருந்தது.

1994-ல் பார்பரா பேக்கரின் குழு, புகையிலைத் தேமல் வைரஸை எதிர்க்கும் 'என்' மரபணுவைப் பிரித்தெடுத்தது. இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதற்கு அடுத்து வருவதுதான். இந்த ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ, வெட்டி ஒட்டப்படும் விதத்தைப் பொறுத்து இரண்டு வடிவம் எடுக்கிறது. குட்டை வடிவம் முழுப் புரதத்தைத் தரும். நீள வடிவம் தருவது பாதியில் நின்றுபோன புரதம். அப்போ குட்டை மட்டும் போதும்தானே? இன்ட்ரான்களை நீக்கிவிட்டு அதை மட்டும் செடிக்குள் வைத்துப் பார்த்தாங்க. முழு எதிர்ப்பு வரலை! மூன்றாவது இன்ட்ரானையும் மரபணுவின் வால்பகுதியையும் சேர்த்த பிறகுதான் வந்தது. இது வெளியானது 2000-ல்.

2013-ல் கலிஃபோர்னியாவிலிருந்து இன்னொரு ஆய்வு. அராபிடாப்சிஸ் செடியில் அடிச்சாம்பல் நோயை எதிர்க்கும் ஆர்.பி.பி.7 மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள் ஒரு தாவும் மரபணு வந்து உட்கார்ந்திருக்கு. டி.என்.ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில், அந்த இடத்தில் ஒரு ரசாயனக் குறி இருக்கும். அந்தக் குறி குறையாமல் பார்த்துக்கொள்வது இ.டி.எம்.2 என்ற புரதம். குறி குறைந்தால் ஆர்.என்.ஏ பாதி வழியிலேயே முடிந்துவிடும், எதிர்ப்பும் போச்சு.

சரி, செடி இதை எப்பவும் முழுசா திறந்தே வைக்கலாமே? முடியாது. எதிர்ப்பு மரபணு ஓயாமல் வேலை செய்தால், நோயே வராவிட்டாலும் செடி குள்ளமாகிவிடும். வளர்ச்சிக்கும் காவலுக்கும் நடுவில் ஓயாத பேரம் அது.

ஆகவே, ஒரு பயிருக்கு எதிர்ப்பு மரபணுவை மாற்றும்போது, புரதத்துக்கான வரிசை மட்டும் போதாமல் போகலாம். 'வெத்து' என்று ஒதுக்கும் இடைப்பகுதியில்தான் சில சமயம் பயிரின் உயிரே இருக்கு.