கைத்திறனும் குடியுரிமையும்

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்குரிமையும் அரசாங்க உத்தியோகமும் அவர்க்கு எட்டாக்கனியாயின.

1920இல் தென்னிந்தியாவினின்று தேயிலைத் தோட்டத்திற்கு உழைக்க வந்த ஒருவரின் பேரனாய், 1972இற் கண்டியிற் பிறந்தவர் முத்தையா முரளிதரன். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி அவரைப் பந்துவீச்சாளராக்கியது. 1995இல் மெல்போர்ன் நகரில் நடுவரொருவர் அவர்தம் வீச்சு முறையற்றதென ஏழுமுறை அறிவித்தார், பிழைப்பே ஊசலாடிற்று. ஆய்வாளர் அளந்து பார்த்தபின், 1996இல் சர்வதேசச் சபை அவ்வீச்சை ஏற்றது. 2008இற் சென்னை அணி அவருக்கு அளித்த விலை ஆறு இலட்சம் டாலர். 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வுபெற்றார்.

பாட்டனார் காலத்துக் கூலியைத் தோட்டம் வகுத்தது. பேரனின் ஊதியத்தை அவர் திறனே வகுத்தது. எனினும், எஞ்சிய நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. அதற்குள் அவர் உலகப்புகழ் எய்திவிட்டார். ஒருவரைத் திறமை உயர்த்தலாம். ஒரு சமூகத்தை விடுவிப்பது சட்டமே.